மலைமேல ஒரு சின்ன கவர்மென்ட் பள்ளி: சேர்க்கலாமா, வேணாமா?

ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட் கொடுத்து நம்ம காலேஜில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்க கிளாஸிலேயே எண்ணிப் பாருங்க. பாதி கிளாஸ் கை தூக்கும். அவங்க எல்லாருக்கும் ஊரில் சம்பளம் இல்லாத ஒரு வேலை உண்டு. ஏப்ரல், மே வந்தா சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் என்று போன் வரும். "தம்பி, நீ இன்ஜினியரிங் படிக்கிற. பாப்பாவை எந்த ஸ்கூல்ல போடலாம், சொல்லு."

நாம என்ன சொல்றோம்? "ரிசல்ட் நல்லா இருக்கா பாருங்க, இங்கிலீஷ் மீடியமா பாருங்க, பஸ் இருக்கா பாருங்க." ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போயிடுவோம். ஒரு குழந்தையின் அடுத்த நாலு வருஷத்துக்கு இந்தப் பதில் போதாது என்பதுதான் இந்தக் கட்டுரை. குறிப்பாக மலைமேல இருக்கும் ஒரு சின்ன அரசு உண்டு உறைவிடப் பள்ளியைப் பற்றி யாராவது கேட்டால் இந்தப் பதில் சுத்தமா வேலைக்கு ஆகாது.

இது சும்மா தோணின தலைப்பு இல்லை. என் ரூம்மேட்டின் ஊர் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறினால் வெள்ளிமலை. அங்கிருந்து இன்னும் உள்ளே போகணும். அவன் தங்கச்சி இந்த வருஷம் எட்டாவது முடிக்கிறாள். ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி மட்டும்தான், அதோட முடிந்தது. ஒன்பதாவதுக்கு எங்கே அனுப்புவது என்று வீட்டில் தினமும் பேச்சு. அவன் அப்பா என்னிடமும் கேட்டார். எனக்குக் கள்ளக்குறிச்சி டவுன், எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம், மலைமேல இருக்கும் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எதுவும் தெரியாது. அதனால் பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மலையில் அது போல நிறைய இருக்கு.

எட்டாவதுக்கு அப்புறம் சட்டம் இல்லை

முதலில் ஒரு அடிப்படை விஷயம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்று தூரக் கணக்கும் அது சார்ந்ததுதான். எட்டாவது முடித்த மறுநாள் முதல் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் பள்ளி இருந்தே ஆகணும் என்று அந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. டவுனில் இருக்கும் நமக்கு இது தெரியவே தெரியாது. எட்டாவதில் இருந்து ஒன்பதாவது என்றால் மாடிப்படி ஏறுவது மாதிரி. மலையில் அது ஊரை விட்டுப் போவது.

ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சில ஊருக்கு அதுவும் இல்லை. பதினாலு வயசுப் பொண்ணை அதை நம்பி அனுப்ப மாட்டாங்க. அப்போ ஹாஸ்டல். ஹாஸ்டல் வேண்டாம் என்றால் வீடு. வீட்டில் இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பையன் என்றால் கேரளா, கர்நாடகா எஸ்டேட் வேலை, மிளகு, காப்பி. பொண்ணு என்றால் பதினெட்டு ஆவதற்குள் கல்யாணப் பேச்சு. இன்னும் மோசமான வழியும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது, சித்தேரி மலைக்காரர்கள் அதில் பலர். புரோக்கர்கள் தேடி வருவது பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்களைத்தான்.

கல்வராயன் என்று கூகுளில் போட்டால் மேகம் அருவி வரும், அடுத்து சாராயம் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது எல்லோரும் மலையைக் காட்டினார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே ஒரு குழந்தை ஒன்பதாவதில் சேர்வதா, வேண்டாமா என்பதை மார்க் விஷயமாக மட்டும் பார்க்க முடியாது.

அதனால் கேள்வியையே மாற்ற வேண்டும். "எது பெஸ்ட் ஸ்கூல்?" என்று கேட்காதீங்க. "எந்தப் பள்ளியில் இவள் பன்னிரண்டாவது வரைக்கும் நிற்பாள்?" என்று கேளுங்க.

கையில் இருந்த நாலு வழி

ஒண்ணு, வெள்ளிமலையில் இருக்கும் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி. மத்திய அரசின் திட்டம், 1997-98-ல் தொடங்கியது, ஒரு பள்ளிக்கு 480 மாணவர்கள் என்று கணக்கு. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு வைத்து எடுத்துவிடுவார்கள். ஒன்பதாவதில் நுழைய வேண்டும் என்றால் யாராவது போய் இடம் காலியாக வேண்டும். அதை நம்பி உட்கார முடியாது.

ரெண்டு, மாவட்டத்தின் அரசு மாதிரிப் பள்ளி. 2022 செப்டம்பர் 5 அன்று 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டது நினைவிருக்கும். இப்போது 38 மாவட்டத்திலும் மாதிரிப் பள்ளி இருக்கு. அரசுப் பள்ளிகளில் இருந்து நல்லா படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, ஜே.இ.இ., நீட் என்று தயார் செய்வாங்க. கிடைத்தால் நல்லது. என் நண்பனின் தங்கச்சி நடுத்தரம். அவளே சொல்வாள், "நான் செகண்ட் பெஞ்ச்ண்ணா" என்று.

மூணு, மலைக்குக் கீழே ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளி, ஹாஸ்டலோடு. கடன் வாங்கித்தான் கட்ட முடியும். அவன் அப்பாவுக்கு மனசு இதில்தான் இருந்தது.

நாலு, மலையிலேயே பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். சின்னப் பள்ளி. ஒரு வகுப்புக்கு இருபது, இருபத்தைந்து பேர். மலையில் இதை "ஜி.டி.ஆர். ஸ்கூல்" என்பார்கள்.

"ஆல்டர்நேட்டிவ் ஸ்கூல்" என்று சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது மண் சுவர், மரத்தடி, பரீட்சை இல்லாத படிப்பு. அது தப்பில்லை, நல்ல முயற்சிகள் இருக்கு. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கும் சிட்லிங்கியில் 'துளிர்' என்று ஒரு கற்றல் மையம் 2004-ல் ஆரம்பித்தார்கள். பத்தாவதில் நின்றுபோன பிள்ளைகளுக்கு அடிப்படைத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்த இடம் அது, நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்க தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆனால் அது தனிப்பட்ட சிலரின் உழைப்பு. எல்லா மலைக்கும் அப்படி ஆள் வர மாட்டாங்க. அரசு நடத்தும் மாற்று வழி என்றால் இந்த ஜி.டி.ஆர். பள்ளிகளும், படிப்பை விட்ட பெண் குழந்தைகளுக்காக 2004-ல் வந்த கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாக்களும்தான். அதனால் இதை எப்படி எடை போடுவது என்று நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

"ரிசல்ட் எவ்வளவு?" ஏன் உதவாத கேள்வி

அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஒரு வருஷம் 100, அடுத்த வருஷம் 80, அதற்கடுத்து 91. ஊரில் இதைப் பற்றி ரெண்டு கருத்து. "100 எடுத்த ஹெச்.எம். போயிட்டார், அதனால ஸ்கூல் விழுந்துடுச்சு" என்று ஒருத்தர். "இப்போ மறுபடி தூக்கிட்டாங்க" என்று இன்னொருத்தர்.

செகண்ட் இயரில் ப்ராபபிலிட்டி படிச்சோமே, ஒரு தடவையாவது உருப்படியா பயன்படுத்துவோம். ஒரு பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் பாஸ் ஆக 90 சதவீத வாய்ப்பு இருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மாறவில்லை, ஹெச்.எம். மாறவில்லை, எதுவும் மாறவில்லை. 20 பேர் பரீட்சை எழுதுகிறார்கள். 20 பேரும் பாஸ் ஆக வாய்ப்பு 0.9-ஐ இருபது தடவை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 12 சதவீதம். அதாவது எட்டு வருஷத்தில் ஒரு வருஷம் "100 சதவீதத் தேர்ச்சி" பேனர் கட்டலாம். அதே பள்ளியில் நாலு பேர் அல்லது அதற்கு மேல் ஃபெயில் ஆகி 80-க்கோ அதற்குக் கீழோ இறங்க வாய்ப்பு சுமார் 13 சதவீதம். அதுவும் ஏழெட்டு வருஷத்தில் ஒரு வருஷம் வரும். பள்ளி ஒன்றுதான், ஆசிரியர் அதே ஆசிரியர்தான். ஒரு வருஷம் மாலை போடுவாங்க, இன்னொரு வருஷம் திட்டுவாங்க.

400 பேர் எழுதும் பள்ளியில் இந்த ஆட்டம் இருக்காது, 87-க்கும் 93-க்கும் நடுவில் நிற்கும். அதனால் பெரிய பள்ளி "நிலையானது" என்றும் சின்னப் பள்ளி "நம்ப முடியாதது" என்றும் தோன்றும். உண்மையில் அது சாம்பிள் சைஸ் செய்யும் வேலை. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பையன் பரீட்சை அன்னைக்குக் காய்ச்சலில் படுத்தால் ஐந்து சதவீதம் போச்சு.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. தேர்ச்சி சதவீதம் எழுதியவர்களை மட்டும்தான் எண்ணும். ஒன்பதாவதில் 30 பேர் சேர்ந்து, வழியில் எட்டுப் பேர் நின்றுபோய், மீதி 22 பேர் எழுதி எல்லோரும் பாஸ் என்றால் ரிசல்ட் 100. ஆனால் சேர்ந்தவர்களில் தேறியது 73 சதவீதம்தான். மலையில் கேட்க வேண்டிய கணக்கு இந்த ரெண்டாவது கணக்கு. "உங்ககிட்ட ஒன்பதாவது சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் பன்னிரண்டாவது எழுதினாங்க?" இதை எந்தப் பேனரிலும் போட மாட்டாங்க. கேட்டால் வருகைப் பதிவேட்டை எடுத்துச் சொல்லிவிடுவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. நாங்க கேட்டோம், சொன்னாங்க. அந்தப் பள்ளியில் பெண்கள் பையன்களைவிட அதிகம் நின்று படித்திருந்தார்கள். பையன்கள்தான் பத்தாவதோடு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்கள். என் நண்பனின் அப்பாவுக்கு வேறு எதையும்விட அந்தத் தகவல்தான் பெருசாகப் பட்டது.

நாங்க கேட்ட மற்ற கேள்விகள்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்காரா? "எத்தனை ஆசிரியர்?" என்று கேட்டால் பதில் நல்லாத்தான் இருக்கும். மேத்ஸுக்கு யார், சயின்ஸுக்கு யார், இங்கிலீஷுக்கு யார் என்று தனித்தனியாகக் கேட்கணும். பெரிய பள்ளியில் நாலு மேத்ஸ் ஆசிரியரில் ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆனால் கால் பங்கு போகும். சின்னப் பள்ளியில் ஒருத்தர் போனால் மேத்ஸே போயிடும். நம்ம பாஷையில் சொன்னால் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். சின்னப் பள்ளியின் உண்மையான பலவீனம் இதுதான். ஜி.டி.ஆர். பள்ளிகளில் காலியிடங்களும் தற்காலிக ஆசிரியர்களும் பழைய கதை. நாங்க போன பள்ளியில் மேத்ஸுக்குத் தற்காலிக ஆசிரியர். நல்லா நடத்துவார் என்று பிள்ளைகள் சொன்னாங்க. ஆனால் அடுத்த ஜூனில் அவர் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. இதை மைனஸ் என்றே குறித்துக்கொண்டோம். கல்வித் தொலைக்காட்சி இருக்கு, மணற்கேணி ஆப் இருக்கு என்று சிலர் சொல்லலாம். அந்த ஊரில் ஒரு பாறை மேல ஏறினால்தான் டவர் கிடைக்கும்.

ராத்திரி யார் இருப்பாங்க? பகலில் எல்லாப் பள்ளியும் பள்ளி மாதிரிதான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குழந்தைக்கு வயிறு வலித்தால் யார் எழுந்து வருவாங்க, எந்த வண்டியில் எங்கே கூட்டிப் போவாங்க? வார்டன் அங்கேயே தங்குகிறாரா, இல்லை சாயங்காலம் கீழே இறங்கிவிடுகிறாரா? பெண்கள் விடுதிக்குப் பெண் காப்பாளர் இருக்காங்களா? 2022 ஜூலையில் கனியாமூரில் நடந்ததற்குப் பிறகு நம்ம மாவட்டத்தில் எந்த அம்மாவும் ஹாஸ்டல் என்ற வார்த்தையைச் சாதாரணமாகக் கேட்பதில்லை. அரசு ஹாஸ்டல், தனியார் ஹாஸ்டல் ரெண்டுக்கும் இந்தக் கேள்வி பொது. இதை ஹெச்.எம்.மிடம் மட்டும் கேட்காதீங்க. சமையல் செய்யும் அக்காவிடம் கேளுங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நாங்க கேட்டப்போ அந்த அக்கா, "மேடம் இங்கதான்பா இருக்காங்க. அவங்க லீவு போட்டா நான் படுத்துக்குவேன்" என்றார். விதிப்படி அது சரியான ஏற்பாடு இல்லை என்பது தெரியும். ஆனாலும் பிள்ளைகளைத் தனியாக விடவில்லை.

தண்ணி, பாத்ரூம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, கோடையில் தண்ணி வருதா. பெண் குழந்தைகள் பாதி பேர் பள்ளியை விட்டு நிற்பதற்குக் காரணம் பாடம் இல்லை, இதுதான் என்று என் நண்பனின் அம்மா சொன்னாங்க. அவங்க ஒருத்தர்தான் அங்கே பாத்ரூம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தவங்க.

பதினொன்றாவதில் என்ன குரூப் இருக்கு? சின்னப் பள்ளியில் எல்லா குரூப்பும் இருக்காது. அவளுக்கு நர்சிங் ஆசை, அதற்கு உயிரியல் வேண்டும். அது இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. அந்த ஆசை உள்ள பிள்ளைக்கு அந்தப் பள்ளி சரிவராது. ஒரு பள்ளி "நல்லதா" என்று பொதுவாகக் கேட்க முடியாது, எந்தப் பிள்ளைக்கு என்று சேர்த்துக் கேட்கணும்.

சர்டிபிகேட் வேலைக்கு உதவுவாங்களா? பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் கொடுக்கணும். அது இல்லாமல் ஸ்காலர்ஷிப் இல்லை, ஒதுக்கீடு இல்லை. எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு பேப்பருக்காக அலைந்து படிப்பையே விட்டிருக்காங்க என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அந்தப் பள்ளியில் ஒரு ஆசிரியர் பிள்ளைகளை மொத்தமாகச் சேர்த்து விண்ணப்பம் போட வைக்கிறார்.

கடைசியாக, லீவு முடிந்து எத்தனை பேர் திரும்பி வந்தாங்க? பொங்கலுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் அடுத்த வாரம் எல்லோரும் வந்துட்டாங்களா? வராதவங்களைத் தேடி யாராவது ஊருக்குப் போனாங்களா? எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். சின்னப் பள்ளியின் மிகப் பெரிய பலம் இங்கேதான் தெரியும். 1,500 பேர் படிக்கும் இடத்தில் ஒரு பொண்ணு வரவில்லை என்றால் ரெஜிஸ்டரில் ஒரு 'ஆ' விழும், அவ்வளவுதான். இருபது பேர் இருக்கும் கிளாஸில் அவள் இடம் காலியாகத் தெரியும்.

"இங்கிலீஷ் வேணாமா?"

என் நண்பனின் அப்பா கேட்ட நேரான கேள்வி இது. "நீ இங்கிலீஷ் மீடியம். உனக்கு ஈசியா இருக்குன்னு என் பையன் சொல்றான். என் பொண்ணுக்கு மட்டும் எதுக்குத் தமிழ் மீடியம்?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு உரிமை இல்லை. ஃபர்ஸ்ட் செமஸ்டரில் தமிழ் மீடியத்தில் இருந்து வந்த நண்பர்கள் பட்ட கஷ்டத்தை நாம எல்லாம் பார்த்தோம். மேத்ஸ் தெரியும், கேள்வி புரியாது. அரியர் விழுந்தது அறிவு இல்லாததால் இல்லை. "தாய்மொழியில் படித்தால் எல்லாம் சரியாயிடும்" என்று இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் அவருக்கு அட்வைஸ் பண்ணினால் அது போலித்தனம்.

ஆனால் அவர் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு இருந்தது. 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளியும் இதில் சேரும். அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் டியூஷன், ஹாஸ்டல் ஃபீஸ் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான். ஒன்பதாவதில் தனியாருக்குப் போனால் இந்த 7.5 கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். நாலு வருஷம் கழித்து கவுன்சலிங் நேரத்தில்தான் தெரியும். கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் வாங்கித் தந்தது இங்கிலீஷை, பறித்தது சீட்டை என்று ஆகக் கூடாது. அட்மிஷன் ஆபீஸில் இருப்பவர் இதைச் சொல்ல மாட்டார். நாமதான் சொல்லணும்.

இங்கிலீஷுக்கு வேறு வழி உண்டு. நாலு வருஷம் இருக்கு. அண்ணன்காரன் நம்ம ஹாஸ்டலில் இருக்கான். வாரம் ஒரு போன் போட்டு ஒரு பாடத்தை இங்கிலீஷில் பேசினால்கூட ஃபர்ஸ்ட் செமஸ்டர் பயம் பாதி போகும். கடனுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

முதல் மார்க் கதைகளை வைத்து முடிவு செய்யாதீங்க

2025-ல் கல்வராயன் மலையின் சேலம் பக்கம், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். எல்லா டி.வி.யிலும் வந்தது. ரொம்பப் பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. மலையில் பல வீடுகளில் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் "நம்ம ஸ்கூல்லயே முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒரு பள்ளியை அதன் முதல் மாணவியை வைத்து அளந்தால், செகண்ட் பெஞ்ச் பொண்ணுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாது. மாதிரிப் பள்ளிகள் மேல எனக்கு இருக்கும் வருத்தமும் இதுதான். ஒவ்வொரு சின்னப் பள்ளியிலும் நல்லா படிக்கும் ரெண்டு மூணு பேரை எடுத்து ஒரு இடத்தில் சேர்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நல்ல ஆசிரியர், நல்ல லேப், நல்ல ஹாஸ்டல் எல்லாம் கொடுக்கிறோம். போனவர்களுக்கு நல்லது. ஆனால் மீதி பதினெட்டு பேரும் அவங்க தற்காலிக மேத்ஸ் ஆசிரியரும் அங்கேயேதான் இருக்காங்க. கிளாஸில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பொண்ணும் போயிட்டாள், அவளிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இனி யாரும் இல்லை. மாதிரிப் பள்ளியை மூடுங்க என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒன்று என்று நிறுத்தாமல், அந்த லேப்பும் நிரந்தர ஆசிரியரும் இருபது பேர் படிக்கும் மலைப் பள்ளிக்கும் வரணும் என்கிறேன்.

2023-24 பட்ஜெட்டில் பழங்குடியினர் நலப் பள்ளிகள் உட்பட மற்ற துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பும் வந்தது. எந்தத் துறை நடத்தினாலும் என் கேள்வி ஒன்றுதான்: ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று மேத்ஸ் ஆசிரியர் இருப்பாரா? பிள்ளைகள் குறைவு என்று காரணம் காட்டி இதை மறுக்கக் கூடாது. மலையில் ஊர் சின்னது, அதனால் பள்ளியும் சின்னது. அது பள்ளியின் குற்றம் இல்லை.

அப்போ என் முடிவு?

நடுத்தரமாகப் படிக்கும், வீட்டை விட்டு ரொம்ப தூரம் போய்ப் பழக்கமில்லாத, கடன் தாங்காத வீட்டுப் பதினாலு வயசுப் பிள்ளைக்கு மலையில் இருக்கும் அந்தச் சின்ன அரசுப் பள்ளிதான் சரி. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. ராத்திரி பொறுப்பான ஆள் தங்க வேண்டும், நடுவில் நின்றுபோன பிள்ளைகளைப் பள்ளி தேடிப் போயிருக்க வேண்டும். இது ரெண்டும் இல்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேத்ஸ் ஆசிரியர் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒதுக்க மாட்டேன். அதைச் சண்டை போட்டு வாங்க முடியும், தொலைந்துபோன ஒரு குழந்தையை வாங்க முடியாது.

சண்டை போட இடமும் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உண்டு. அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். பல ஊரில் அது கையெழுத்து வாங்கும் நோட்டாக இருக்கு. காலியிடத்தைத் தீர்மானமாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்ப அதற்கு அதிகாரம் உண்டு. என் நண்பனின் அம்மா எட்டாவதுகூடப் படிக்கவில்லை. ஆனால் பாத்ரூம் தாழ்ப்பாள் வரைக்கும் பார்த்தது அவங்கதான், அந்தக் குழுவில் இருக்க வேண்டியவங்களும் அவங்கதான். அவங்க பேசுவதை எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அதைப் பையனே செய்யலாம், நாமும் செய்யலாம்.

அவள் அங்கேதான் சேரப் போகிறாள். ஜூனில் அட்மிஷன். அப்பாவுக்கு இன்னும் முழு மனசு இல்லை, "ஒரு வருஷம் பாக்கலாம் தம்பி" என்று சொல்லியிருக்கார். அது நியாயம்தான். ஒரு வருஷம் கழித்து என்ன பார்க்கணும் என்று அவரிடம் சொல்லியிருக்கேன்: அவள் வாங்கிய மார்க்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் தீபாவளி லீவு முடிந்ததும் தானாகப் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறாளா பாருங்கப்பா.

இந்த மே மாதம் உங்களுக்கும் போன் வரும். ரெண்டு நிமிஷத்தில் முடிக்காதீங்க. முடிந்தால் ஒரு சனிக்கிழமை கூடவே போய் அந்தப் பள்ளியைப் பார்த்துட்டு வாங்க. நாலு வருஷம் மெஷர்மென்ட், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் படித்தோமே, ஊருக்கு அதனால் ஆகும் முதல் உபயோகமாக அது இருக்கட்டும்.